கடன் தீர்மானத்தில் ஒரு வரி: கோஹுவாங்கோ குடும்பமும் லுயிசிட்டா நிலமும்

பிலிப்பைன்ஸில் அரசு ஊழியர்களின் ஓய்வூதியப் பணத்தைப் பராமரிக்கும் நிறுவனம் 1957 நவம்பரில் 59 லட்சம் பெசோ கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. கடன் கேட்டவர் தார்லாக் மாகாணத்துப் பெரும்புள்ளி, மூத்த ஹோசே கோஹுவாங்கோ. அவர் வாங்கவிருந்தது ஹசியெண்டா லுயிசிட்டா என்ற கரும்புப் பண்ணை. பரப்பு 6,443 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் ஏறத்தாழ 16,000. கடனுக்கு நிபந்தனையாகத் தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது: நிலத்தைப் பிரித்து அங்கே பயிரிடும் குத்தகைதாரர்களுக்கே நியாயமான தவணையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த 1958 பிப்ரவரியில் அந்த வரியைத் திருத்தி எழுதினார்கள். அடக்க விலைக்குக் குத்தகைதாரர்களுக்கு விற்க வேண்டும், அப்படி யாரேனும் இருந்தால்.

கோஹுவாங்கோ குடும்பம் நாட்டுக்கு இரண்டு அதிபர்களைத் தந்தது. சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்க்கோஸை எதிர்த்து நின்றவர்களும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர்களும் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். வங்கி, சர்க்கரை, தொலைபேசி, பீர் என்று அவர்கள் கை வைக்காத தொழில் குறைவு. ஆனாலும் தார்லாக்கில் அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கடைசியில் அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் வந்து முட்டும்.

குடும்பத்தின் வேர் சீனத்தின் ஃபூஜியான் மாகாணத்தில், ஹோங்ஜியான் என்ற கிராமத்தில் இருக்கிறது. அங்கிருந்து 1861இல் கப்பலேறி வந்தவர் கோ யு ஹ்வான். ஞானஸ்நானம் வாங்கி ஹோசே ஆனார். அவருடைய சீனப் பெயரே ஸ்பானிய நாவில் புரண்டு கோஹுவாங்கோ என்ற குடும்பப் பெயராகத் தங்கிவிட்டது. கடைசியில் ஒட்டியிருக்கும் 'கோ', ஹொக்கியென் பேச்சில் மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். நாம் கடைக்காரரை 'அண்ணாச்சி' என்பதுபோல. 'கோ' என்று முடியும் குடும்பப் பெயர்கள் பிலிப்பைன்ஸில் ஏராளம். பெரும்பாலும் ஏதோ ஒரு காலத்து அண்ணாச்சியின் நினைவுகள் அவை. இந்தக் குடும்பத்துப் பெண்ணான கொரசோன் அகினோ, அதிபரான பிறகு 1988 ஏப்ரலில் இந்த மூதாதையர் கிராமத்துக்கே நேரில் போய் வந்தார்.

சொத்தைப் பெருக்கியவர் வந்தேறியவரின் பேத்தி இசித்ரா. திருமணம் செய்துகொள்ளாமல், பனிக்கி ஊரில் இருந்தபடியே அரிசி வியாபாரத்தையும் வட்டிக்கடையையும் நடத்தியவர். 1867இல் பிறந்து 1960 வரை வாழ்ந்த இந்த அம்மையாரைப் பற்றி ஒரு கதை இன்றும் ஓயவில்லை. புரட்சிப்படைத் தளபதி அந்தோனியோ லூனா, 1899 ஜூனில் கபனதுவானில் சொந்தத் தரப்பினராலேயே கொல்லப்படுவதற்கு முன், படையின் தங்கத்தை இசித்ராவிடம் ஒப்படைத்துப் போனார் என்பது அந்தக் கதை. இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கோஹுவாங்கோக்களின் செல்வத்துக்குப் புதையல் தேவையும் இல்லை.

தார்லாக் அடங்கிய மத்திய லூசோனில் அக்காலத்தில் நிலம் கைமாறிய விதத்தைப் பார்த்தாலே போதும். விதைப்புக்கு முன் விவசாயி கடன் வாங்குவான், அறுவடையில் நெல்லாகத் திருப்புவான். ஈடாக நிலத்தை எழுதிக் கொடுப்பான். குறித்த கெடுவுக்குள் மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு விற்கும் ஸ்பானியச் சட்டமுறை அது. ஒரு வெள்ளம், ஒரு பூச்சித் தாக்குதல் போதும், கெடு தப்பிவிடும். சீன மெஸ்டிசோ, அதாவது சீனக் கலப்பு வம்சத்து, வியாபாரக் குடும்பங்கள் பல இப்படித்தான் நிலக்கிழார்கள் ஆயின. புதையல் கதை எனக்குச் சொல்வது வேறு: அந்தச் செல்வம் நேர்வழியில் வந்தது என்று ஊர் ஒருநாளும் நம்பவில்லை.

இசித்ராவின் தம்பி மெலேசியோ 1907இல் முதல் பிலிப்பைன் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். ஆட்சி அமெரிக்கர்களுடையது. சொத்தோ, வரி கட்டிய ரசீதோ, ஸ்பானியமோ ஆங்கிலமோ படித்த படிப்போ, முன்பு வகித்த பதவியோ இல்லாத ஆணுக்கு ஓட்டு இல்லை. பெண்ணுக்கு அறவே இல்லை. நிலம் உள்ளவனே வாக்காளன், அவனே வேட்பாளன். இரண்டே ஆண்டில் மெலேசியோ இறந்துபோனார். அவருடைய நான்கு பிள்ளைகள் ஹோசே (பின்னாளில் லுயிசிட்டாவை வாங்கியவர் இவரே), ஹுவான், அந்தோனியோ, எதுவார்தோ ஆகியோர் அத்தை இசித்ராவின் நிழலில் வளர்ந்தார்கள். 1928இல் பனிக்கியில் சொந்தச் சர்க்கரை ஆலை. 1938இல் வேறு குடும்பங்களோடு கூட்டுச் சேர்ந்து பிலிப்பைன் பேங்க் ஆஃப் காமர்ஸ், பிலிப்பினோக்களே முதல் போட்ட முதல் தனியார் வணிக வங்கி. வயலில் தொடங்கிய வட்டி வியாபாரம் தலைநகரில் பளிங்குத்தரை போட்ட கட்டடத்துக்குக் குடிபோனது.

இனி லுயிசிட்டா. இந்தப் பண்ணை முதலில் கோஹுவாங்கோக்களுடையது அல்ல. பார்சிலோனாவைச் சேர்ந்த தபகலேரா புகையிலைக் கம்பெனி 1882இல் ஸ்பானிய அரசிடமிருந்து வாங்கியது. கம்பெனியை நிறுவிய அந்தோனியோ லோப்பஸின் மனைவி பெயர் லுயிசா. அதுதான் பண்ணையின் பெயரானது. இந்த லோப்பஸ் கியூபாவில் சம்பாதித்தவர்; அடிமை வணிகத்தோடு அவருக்கிருந்த தொடர்புக்காக 2018இல் பார்சிலோனா நகராட்சி அவர் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கிவிட்டது. லுயிசாவின் பெயரை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தார்லாக் முழுவதும் ஹுக் கிளர்ச்சியின் மண். நிலமற்ற விவசாயிகள் ஆயுதம் தாங்கியிருந்தார்கள். தபகலேராவுக்கு விற்றுவிட்டு வெளியேறத் தோன்றியது. அதிபர் ரமோன் மக்சாய்சாய் காலம் அது. தார்லாக்கின் இன்னொரு அரசியல் குடும்பத்து வாரிசான நினோய் அகினோ அவருக்கு நெருக்கமானவர். நினோய் 1954இல் ஹோசேயின் மகள் கொரசோனை மணந்தபோது மக்சாய்சாய் திருமணச் சாட்சியாக நின்றார். அங்கே அப்படி நிற்பவரைக் குடும்பத்து ஆளாகவே கொள்வார்கள். 1957 மார்ச்சில் விமான விபத்தில் மக்சாய்சாய் இறந்தார். விற்பனை நிற்கவில்லை.

பணம் வந்த வழியை ஊன்றிப் பார்க்க வேண்டும். பண்ணையோடு சேர்ந்த சர்க்கரை ஆலையின் பங்குகளுக்கு டாலரில் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த டாலரை நியூயார்க் வங்கியொன்றிலிருந்து கடனாக வாங்க நாட்டின் மத்திய வங்கியே துணை நின்றது. 1957 ஆகஸ்டில் அது போட்ட நிபந்தனை, அரசின் சமூகநீதித் திட்டப்படி நிலத்தைச் சிறு விவசாயிகளுக்குப் பகிரும் நோக்கத்தோடுதான் வாங்க வேண்டும் என்பது. நிலத்துக்கான பெசோ, முதலில் சொன்ன ஓய்வூதிய நிதியிலிருந்து. அதாவது நாட்டின் அந்நியச் செலாவணிப் பலமும் குமாஸ்தாக்களின் சேமிப்பும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பண்ணை முதலாளியாக்கின. உழுகிறவனுக்கு நிலம் போய்ச் சேரும் என்பது மட்டுமே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நிலத்தைப் பகிர்வதற்கான பத்தாண்டுக் கெடு 1967இல் முடிந்தது. அரசு கடிதம் எழுதிக் கேட்டபோது குடும்பத்தின் பதில் எளிமையாக இருந்தது: இங்கே குத்தகைதாரர்களே இல்லை, கூலியாட்கள்தான் இருக்கிறார்கள். 'யாரேனும் இருந்தால்' என்ற திருத்தம் வேலை செய்துவிட்டது. சட்டப்படி இந்தப் பதிலில் பிழை கண்டுபிடிப்பது கடினம். விளைச்சலில் பங்கு பெறுகிறவன் குத்தகைதாரன், நாள்கூலி வாங்குகிறவன் தொழிலாளி. நிலச் சீர்திருத்தம் எல்லாம் முன்னவனை நினைத்து எழுதப்பட்டது. 1972இல் இராணுவச் சட்டத்தோடு மார்க்கோஸ் கொண்டுவந்த நிலச் சீர்திருத்த ஆணைகூட நெல், சோள வயல்களை மட்டுமே தொட்டது, கரும்பை விட்டுவிட்டது.

இந்த இடைக்காலத்தில் குடும்பம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஹோசேயின் தம்பி எதுவார்தோவின் மகன், ஊர் முழுக்க 'டாண்டிங்' என்று அழைத்தவர், மார்க்கோஸின் உள்வட்டத்தில் இருந்தார். தன் மகனுக்கு மார்க்கோஸ் என்றே பெயர் வைத்தார். பெரியப்பா மகள் கொரசோனின் கணவர் நினோயோ மார்க்கோஸின் சிறையில்.

1975இல் கொரசோனின் சகோதரர் வசமிருந்த ஃபர்ஸ்ட் யுனைடெட் வங்கி டாண்டிங் வழியாகக் கைமாறித் தென்னை விவசாயிகளின் வங்கியானது. தேங்காய்ப் பருப்பு விற்கும் ஒவ்வொரு விவசாயியிடமும் கட்டாயமாகப் பிடித்த வரிப்பணம் அதற்குள் போனது. வாங்கிக் கொடுத்த கைங்கரியத்துக்காக டாண்டிங்குக்கு அந்த வங்கியில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான பங்கு கிடைத்தது. அந்தப் பங்கு அரசுக்கே சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2012 ஆனது. சான் மிகேல் பீர் கம்பெனியில் அவர் வைத்திருந்த ஏறத்தாழ 20 சதவீதப் பங்கு அவருடையதே என்று 2011இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986இல் மார்க்கோஸோடு நாட்டைவிட்டுப் போனவர், 1989இல் திரும்பி, 1992இல் அதிபர் தேர்தலில் மூன்றாம் இடம் பிடித்து, 2020இல் சான் மிகேல் தலைவராகவே கண்மூடினார்.

மார்க்கோஸ் அரசு லுயிசிட்டாவை ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டது 1980 மே மாதத்தில். நினோய் இதய சிகிச்சைக்காகச் சிறையிலிருந்து அமெரிக்கா அனுப்பப்பட்ட அதே மாதம். அரசியல் பழிவாங்கல் என்று குடும்பம் சொன்னது. அது பொய்யில்லை, ஆனால் வழக்கும் பொய்யில்லை. 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலா விமான நிலையத்தில் நினோய் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985 டிசம்பரில் மணிலா நீதிமன்றம் நிலத்தை ஒப்படைக்கச் சொன்னது. அப்போது கொரசோன் மார்க்கோஸை எதிர்த்துத் தேர்தல் களத்தில். குடும்பம் மேல்முறையீடு செய்தது. 1986 ஜனவரியில் டவாவோவில் பேசிய கொரசோன், நிலச் சீர்திருத்தம் என் குடும்பத்து லுயிசிட்டாவுக்கும் பொருந்துமா என்று கேட்பீர்கள், பொருந்தும் என்பதே என் பதில் என்ற பொருளில் உறுதி தந்தார். பிப்ரவரியில் அதிபரானார்.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் போதும், விமர்சனம் தேவைப்படாது. 1987 ஜனவரி 22 அன்று நிலம் கேட்டு அதிபர் மாளிகையை நோக்கி நடந்த விவசாயிகள்மீது மெண்டியோலா பாலத்தருகே பாதுகாப்புப் படையினர் சுட்டனர். 13 பேர் இறந்தார்கள். ஜூலை 22 அன்று, புதிய நாடாளுமன்றம் கூடச் சில நாட்களே இருந்தபோது, கொரசோன் தம் சிறப்பு அதிகாரத்தில் நிலச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தார். அதில் புதிதாக ஒரு வழி இருந்தது: கம்பெனி வசமுள்ள நிலத்தைப் பிரிக்க வேண்டாம், பதிலுக்குத் தொழிலாளர்களுக்குக் கம்பெனிப் பங்குகளைக் கொடுக்கலாம். 1988 மே மாதம் அரசுத் தரப்பே கேட்டுக்கொண்டதன்பேரில் லுயிசிட்டா வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜூன் 10 அன்று விரிவான நிலச் சீர்திருத்தச் சட்டம் கையெழுத்தானது, பங்குத் திட்டத்தோடு. ஆகஸ்டில் ஹசியெண்டா லுயிசிட்டா இன்கார்ப்பரேட்டட் என்ற கம்பெனி பதிவானது.

கணக்கில்தான் இருக்கிறது சூட்சுமம். விவசாய நிலம் 4,915.75 ஹெக்டேர், ஹெக்டேர் 40,000 பெசோ வீதம் 19 கோடியே 66 லட்சம் பெசோ. கம்பெனியின் மொத்தச் சொத்து 59 கோடியே 5 லட்சம் என்று காட்டப்பட்டது. இயந்திரம், குடியிருப்பு நிலம் முதலியன மிச்சத்தொகை. நிலத்தின் பங்கு 33.296 சதவீதம். ஆகவே 6,296 தொழிலாளர்களுக்கும் சேர்த்து 33.296 சதவீதப் பங்கு, குடும்பத்துக்கு மூன்றில் இரண்டு. நிலம் முழுதும் உழைப்பாளிக்கு என்று சட்டம் பேச, அதை மூன்றில் ஒன்றாகச் சுருக்கியது ஒரு மதிப்பீட்டுத்தாள். அந்த மூன்றில் ஒன்றும் உடனே கையில் வரவில்லை. முப்பது ஆண்டுகளில், வேலை செய்த நாள் கணக்குப்படி, கொஞ்சம் கொஞ்சமாக. வேலை கொடுப்பது கம்பெனி. வேலை இல்லாத வாரத்தில் கூலியும் இல்லை, பங்கும் இல்லை. புதிதாக ஆள் சேர்த்தால் அவருக்கும் அதே தொகுதியிலிருந்து பங்கு. காலப்போக்கில் பங்கு வாங்கியவர்கள் 10,502 பேர் ஆனார்கள்.

1989இல் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல் பங்குத் திட்டத்துக்கு ஆதரவு. குடும்பம் இதைச் சுட்டிக்காட்டி வந்தது. வாக்கு உண்மைதான். வேலை, வீடு, மருத்துவமனை, கடன் எல்லாம் ஒரே கையிலிருந்து வரும் இடத்தில், அந்தக் கை நாட்டின் அதிபருடைய குடும்பத்தின் கையாகவும் இருந்தபோது விழுந்த வாக்கு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு நிலமும் சுருங்கத் தொடங்கியது. 1996இல் 500 ஹெக்டேரைத் தொழிற்பேட்டையாகவும் குடியிருப்பாகவும் மாற்ற அனுமதி கிடைத்தது. நெடுஞ்சாலைக்கு 80 ஹெக்டேர் போனது. கரும்பு வேலை வாரத்துக்கு ஒன்றிரண்டு நாளாகக் குறைந்தது. கழிவுகள் போக 9.50 பெசோ மட்டும் கையில் நின்ற கதையைத் தொழிலாளர்கள் 2004இல் ஊரறியச் சொன்னார்கள். அந்த அக்டோபரில் சங்கத் தலைவர்கள் உட்பட 327 பேர் வேலைநீக்கம். நவம்பர் 6 அன்று பண்ணைத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து வாயிலை மறித்தார்கள். நவம்பர் 16 அன்று, வேலைநிறுத்தத்தைக் கலைக்கத் தொழிலாளர் துறை ஆணை இருக்க, போலீஸும் இராணுவமும் வந்தன. ஆலையின் முதல் வாயிலில் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இரண்டாண்டுகளில், அவர்களுக்குத் துணை நின்ற நகரமன்ற உறுப்பினர், பாதிரியார், ஆலைச் சங்கத் தலைவர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கொலையானார்கள். அந்த வாயிலை மறித்த பண்ணைத் தொழிலாளர்கள் தாளில் கம்பெனிப் பங்குதாரர்கள் என்பதை நினைத்தால் 'தொழிலாளர் பங்கு' என்ற சொல்லே கசக்கிறது.

2005 டிசம்பரில் அரசின் நிலச் சீர்திருத்த மன்றம் பங்குத் திட்டத்தை ரத்துசெய்தது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. கொரசோன் 2009 ஆகஸ்டில் இறந்தார். அந்தத் துக்க அலையில் மகன் பெனிக்னோ 2010இல் அதிபரானார். அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் கில்பர்ட் தியோடோரோ, டாண்டிங்கின் சகோதரி மகன். தாத்தாக்கள் உடன்பிறந்தவர்கள். நாட்டு மக்கள் ஓட்டுச் சீட்டில் கோஹுவாங்கோ ரத்தம் ஓடும் இரண்டு பெயர்களுக்கு இடையிலும் தேர்ந்தெடுத்தார்கள்.

உச்ச நீதிமன்றம் 2011 நவம்பர் 22 அன்று 14-0 என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: நிலத்தைப் பிரித்துக் கொடு. தகுதி உள்ளவர்கள் முதலில் இருந்த 6,296 பேர். விற்ற நிலத்தின் தொகை 133 கோடி பெசோவையும் அவர்களுக்குக் கணக்குக் காட்டு. மூன்று வாரத்தில் தலைமை நீதிபதி ரெனாடோ கொரோனாமீது நாடாளுமன்றம் பதவிநீக்கக் குற்றச்சாட்டு நிறைவேற்றியது. அதிபர் வெளிப்படையாகவே அதன் பின்னால் நின்றார். லுயிசிட்டாவுக்காகவே என்னைக் குறிவைத்தார்கள் என்றார் கொரோனா. சொத்துக் கணக்கை மறைத்ததற்காக என்றது நாடாளுமன்றம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. தீர்ப்பெழுதியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. 2012 ஏப்ரலில் நீதிமன்றம் இன்னொன்றையும் முடிவாக்கியது: இழப்பீடு இன்றைய சந்தை விலையில் கிடையாது, 1989 நவம்பர் விலைப்படி. பங்குத் திட்டத்துக்காக நிலத்துக்குக் குடும்பம் அன்று போட்ட குறைந்த மதிப்பு, ஹெக்டேர் 40,000 பெசோ, இப்போது அவர்கள் பக்கமே திரும்பி நின்றது. அரை நூற்றாண்டுக் கதையில் காகிதம் விவசாயி பக்கம் பேசிய அரிய இடம் இது.

2013இல் நிலம் பிரிக்கப்பட்டது. யாருக்கு எந்தத் துண்டு என்பதைக் குலுக்கலில் தீர்த்தார்கள். சீட்டுகள் போட்டுச் சுழற்றும் உருளைக்கு அங்கே தம்பியோலோ என்று பெயர். 'தம்பியோலோ நிலச் சீர்திருத்தம்' என்று தொழிலாளர்கள் கேலி செய்தார்கள். ஒருவருக்கு 0.66 ஹெக்டேர், ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சிலருக்குத் துண்டு விழுந்தது தாங்கள் வாழும் கிராமத்திலிருந்து வெகுதூரத்தில். உழக் காசில்லாமல், கரும்புக்கு முதல் போடுபவர்களிடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் பலர்; இதற்கு அங்கே 'அரியெந்தோ' என்று பெயர். வாங்கிய கடனுக்கு ஈடாக நிலத்தை விட்டுக்கொடுப்பது இசித்ரா காலத்துப் பனிக்கிக்குப் புதிய சங்கதி இல்லை. வேறு சிலர் தீர்ப்புக்கு முன்பிருந்தே பண்ணையின் தரிசில் நெல்லும் காய்கறியும் கூட்டாகப் பயிரிட்டு வந்தார்கள். 'புங்கலான்' என்பார்கள், மண்ணைக் கிளறுதல் என்று பொருள்.

ஆலை 2014இல் விற்கப்பட்டது. வாங்கிய கூட்டணியை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் பெயர் ஃபெர்னாண்டோ கோஹுவாங்கோ.